ஏழாம் நம்பர் தடிப்பு

இனி இந்த ஜென்மத்தில் இறாலைத் தொடுவதில்லை என்று நான் சபதம் எடுத்தது குற்றாலம் பேரருவிக்குக் கீழே. அப்போது நாலு பேர் என் கையையும் காலையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு போனார்கள். உதடு அதிரசம் மாதிரி வீங்கியிருந்தது. கண் இரண்டும் மூடிக்கொண்டன. மூச்சு உள்ளே போகவில்லை. சபதத்தை வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை. அது நல்லதாய்ப் போயிற்று. தூக்கிக்கொண்டு போனவர்களில் இரண்டு பேர் எங்கள் தெருச் சைவ சபை உறுப்பினர்கள். நான் அந்தச் சபையின் காரியதரிசி.

என் பெயர் நமசிவாயம். தென்காசியில் பத்திரம் எழுதுகிறேன். நெற்றியில் மூன்று பட்டை, கழுத்தில் ருத்திராட்சம். பிரதோஷத்தன்று வெங்காயம்கூடச் சேராத வீடு. இதெல்லாம் ஞாயிறு முதல் வெள்ளி வரை. சனிக்கிழமை மத்தியானம் மட்டும் 'சபை வேலை' என்று சொல்லிவிட்டுக் குற்றாலத்துக்கு பஸ் ஏறுவேன். அங்கே அப்துல் மஜீது சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். பின்கட்டில் ஒரு சாக்குத் திரை. திரைக்கு அந்தப் பக்கம் கடை. இந்தப் பக்கம் நானும் ஒரு தட்டு இறாலும்.

"பிள்ளைவாள், கொல்லம் ரயிலு இன்னைக்கு நேரத்துக்கு வந்துட்டு" என்பார் மஜீது பாய். இறால் வந்துவிட்டது என்று அர்த்தம். அவர் ஒருநாளும் அந்த வார்த்தையை வாயால் சொன்னதில்லை. அவ்வளவு மரியாதையான மனிதர்.

தின்றபின் வாடை போகாது. சீயக்காய் போட்டாலும் போகாது. நேரே பேரருவிக்குப் போய்க் கால்மணி நேரம் தலையைக் கொடுத்து நிற்பேன். வாடையும் போகும், பாவமும் போகும், ஒரே செலவு. துவட்டிக்கொண்டு புதிதாய்த் திருநீறு பூசி வீட்டுக்கு வருவேன். பன்னிரண்டு வருஷம் இப்படித்தான் ஓடிற்று.

அறுபத்து மூன்றாம் வருஷம் ஆனி மாதம் சாரல் தொடங்கியது. என் சனியனும் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை சாயங்காலம் உடம்பெல்லாம் தடித்தது. தட்டு தட்டாய், சிவப்பாய். சொறியச் சொறிய ஊர்வலம் மாதிரி முதுகிலிருந்து வயிற்றுக்குப் போயிற்று. காணாக்கடி என்றாள் என் மனைவி கோமதியம்மாள். எது கடித்தது என்று தெரியாததால் அந்தப் பெயர். கம்பளியை வைத்துத் தேய்த்தாள். வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லச் சொன்னாள். மறுநாள் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமை மறுபடி வந்தது. அதற்கடுத்த சனிக்கிழமையும்.

"கிழமை பாத்து வருதே, காணாக்கடிக்குக் காலண்டர் தெரியுமோ?" என்றாள் கோமதி.

அவள் அப்படிக் கேட்டபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. நான்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாளோ என்று பயந்தேன்.

டாக்டர் ஞானதுரையிடம் கூட்டிப் போனாள். மெட்ராசில் படித்துவிட்டு வந்து சொந்தமாய் வைத்தியசாலை வைத்திருந்தார். எந்தச் சாப்பாடு யாருக்குத் தடிப்பு உண்டாக்குகிறது என்று ஆராய்ச்சி. ராயகிரியிலிருந்தும் கீழப்பாவூரிலிருந்தும் தடித்தவர்களெல்லாம் அவரிடம் வருவார்கள். மருந்து கொஞ்சம் கொடுப்பார், கேள்வி நிறையக் கேட்பார்.

"அண்ணாச்சி, இது அலர்ஜி. நீங்க தின்னுத ஏதோ ஒண்ணு உடம்புக்கு ஆகல. ஒரு நோட்டுல தெனம் தின்னதெல்லாம் எழுதணும்" என்றார்.

"எழுதிருதேன். எனக்கு எழுத்துதான் தொழிலே."

"நீங்க வேண்டாம். வீட்டம்மா எழுதட்டும். சீக்காளி எழுதுனா கத எழுதுவான்."

கோமதி பென்சிலால் எழுதினாள். சனிக்கிழமைப் பக்கம் இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. 'காலை, இட்டிலி நாலு, எள்ளுப்பொடி. மத்தியானம், வீட்டில் சாப்பிடவில்லை. ராத்திரி, தடிப்பு.'

டாக்டர் சனிக்கிழமை மத்தியானத்துக்குக் கீழே சிவப்பு மையில் கோடு போட்டார்.

"அன்னைக்கு என்ன தின்னிய?"

"சபையில... சுண்டல்."

கொண்டைக்கடலை தள்ளுபடி ஆயிற்று. அடுத்த வாரம் கேட்டபோது கத்தரிக்காய்ச் சாதம் என்றேன். கத்தரிக்காய் போயிற்று. அதற்கடுத்த வாரம் தேங்காய்ச்சாதம். திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவனுக்குத் தேங்காய் போய்விட்டால் சொதி போயிற்று, அவியல் போயிற்று, துவையல் போயிற்று. நான் ஒவ்வொரு பொய் சொல்லும்போதும் அடுக்களையிலிருந்து ஒரு பாத்திரம் இறங்கிப் பரணுக்குப் போனது. ஆடி பாதியில் எனக்கு மிஞ்சியது கஞ்சி. உப்பு உண்டு.

இவ்வளவுக்கும் உண்மையைச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். சொல்ல முடியாது. அதற்குக் காரணம் பூதலிங்கம்.

பூதலிங்கம் எங்கள் தெருதான். சபையில் என்னோடு உட்கார்ந்து தேவாரம் பாடியவர். நாலு வருஷத்துக்கு முன் அவருக்குச் சயரோகம் வந்தது. தினம் இரண்டு முட்டை தின்னாவிட்டால் பிழைக்க மாட்டாய் என்று வைத்தியம் பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். தின்றார். குப்பையில் முட்டை ஓடு கிடந்ததைச் சபை பார்த்துவிட்டது. அவர் குடும்பத்தோடு கொள்வினை கொடுப்பினை இல்லை, நல்லது கெட்டதுக்குப் போகக்கூடாது என்று தீர்மானம். கடிதம் எழுதியவன் நான். அழகாய் எழுதினேன். எட்டு மாதத்தில் அவர் இறந்து போனார். பாடை தூக்க எங்கள் தெருவில் ஒரு ஆள் வரவில்லை. அடுத்த தெரு நெசவுக்கார சாயபுமார் நாலு பேர்தான் தோள் கொடுத்தார்கள். நான் ஜன்னல் கதவை ஒருக்களித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு வெள்ளிக்கிழமை. மறுநாள் சனிக்கிழமை. மறுநாளும் நான் குற்றாலத்துக்குப் போனேன். வெட்கமாயிருக்கிறது, ஆனால் போனேன்.

பூதலிங்கத்தின் மகன் குற்றாலலிங்கம் இப்போது டாக்டர் ஞானதுரையிடம் உதவியாளன். பி.எஸ்ஸி. படித்தவன். ஆராய்ச்சிக் கணக்கெல்லாம் அவன் கையில். என் மகள் உலகம்மாளுக்கு அவன்மேல் மனசு. கோமதிக்கும் சம்மதம். "விலக்கி வச்ச வீட்டுல பொண்ணு குடுக்கவா? நான் காரியதரிசி!" என்று நான் ஒரு வருஷமாய் மறுத்துவந்தேன். உலகம்மாள் அழுவதை நிறுத்திவிட்டுப் பேசுவதையும் நிறுத்தியிருந்தாள். பரிமாறுவாள், பேசமாட்டாள்.

இந்த லட்சணத்தில்தான் ஆடி மாதம் அருவியில் விழுந்தேன். அன்றைக்கு இறால் இரண்டு தட்டு. அருவியில் நல்ல தண்ணீர். மூன்றே நிமிஷம் நின்றிருப்பேன். மேலெல்லாம் எரிந்தது, காது அடைத்தது, அப்புறம் பாறைதான் தெரியும். டாக்டர் ஞானதுரை ஓடிவந்து ஊசி போட்டதால் இந்தக் கதையை நானே சொல்லுகிறேன்.

நாலாம் நாள் அவர் கட்டில் பக்கம் வந்து உட்கார்ந்தார். கோமதி தலைமாட்டில் நின்றாள்.

"அண்ணாச்சி, அடுத்த தடவ தொண்ட அடச்சா நான் வந்து சேருததுக்குள்ள முடிஞ்சிரும். நோட்டு போதாது. தோல்ல சோதன பண்ணிருவோம். பன்னெண்டு சாமான் சாறு. கையில சொட்டு சொட்டா வச்சு ஊசியால கீறுவோம். எது ஆகாதோ அங்கன தடிக்கும்."

"என்னென்ன சாமான்?" என்றேன்.

"கடல, எள்ளு, பாலு, கோதும, முட்ட, மீனு, இறாலு..."

"நாங்க சைவம்லா டாக்டர்!"

"ஆராய்ச்சிக்கு எல்லாரும் ஒண்ணுதான். நீங்க சைவம்னா பயப்படவே வேண்டாம். முன்னப்பின்ன உள்ள போகாத சாமானுக்கு உடம்பு பொதுவா தடிக்காது. பழகினதத்தான் பகைக்கும்."

கோமதி மெல்லக் கேட்டாள். "அப்ப முட்ட இடத்துல தடிச்சா முட்ட தின்ன ஆளுன்னு அர்த்தமா டாக்டர்?"

"அநேகமா அப்படித்தான்."

"கை பொய் சொல்லாதுன்னு சொல்லுங்க."

டாக்டர் சிரித்தார். ஒரே அடுக்களையில் தின்னுகிற இன்னொரு கையும் பக்கத்தில் இருந்தால் ஒப்புப் பார்க்க நல்லது என்றார். கோமதி உடனே ரவிக்கைக் கையை மேலே சுருட்டினாள். "என் கைய எடுத்துக்கிடுங்க."

எனக்குக் கஞ்சி இறங்கவில்லை. சபையில் விஷயம் தெரிந்தால் எனக்கும் ஒரு கடிதம் வரும். அதை அழகாய் எழுத வேறு ஆள்கூட அவர்களிடம் இல்லை. உலகம்மாளை எவன் கட்டுவான்? நான் செத்தால் எவன் தூக்குவான்? இதையெல்லாம் யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன். மருந்துச் சீசாவெல்லாம் குற்றாலலிங்கம் கையில். அவனைச் சரிக்கட்டினால் போதும்.

சோதனைக்கு முந்தின நாள் காலையில் வைத்தியசாலைப் பின்வாசலுக்குப் போனேன். சீசா கழுவிக்கொண்டிருந்தவன் என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். அப்பாவின் முகம் அப்படியே இருந்தது.

"தம்பி, நல்லாயிருக்கியா?"

"இருக்கேன் மாமா."

நாலு வருஷமாய் நான் அவன் வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. இருந்தும் அவன் 'மாமா' என்றான்.

"ஒரு சின்ன ஒத்தாசை. அந்த இறாலு சீசா இருக்குல்லா... அதுக்குப் பதிலா எனக்கு வெறும் உப்புத்தண்ணி வச்சிரு."

"ஏன் மாமா?"

"வாட ஆகாதுடே. சைவ உடம்பு."

"ஒரு சொட்டு வாடையா மாமா?"

"ஏலே, மனுசன் கெஞ்சுதேன்லா!"

அவன் கையைத் துடைத்துக்கொண்டான். "சரி மாமா. டாக்டர் நம்பர் மட்டுந்தான் கையில எழுதுவாரு. ஏழாம் நம்பர்தான் இறாலு. அதுல உப்புத்தண்ணி ஊத்திருதேன். பயப்படாதிய."

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. உலகம்மாளைக் கொடுக்கலாம் போலக்கூட ஒரு நிமிஷம் இருந்தது. நல்லவேளை, தெருமுனை திரும்புவதற்குள் அந்த எண்ணம் போய்விட்டது.

மறுநாள் காலை. நானும் கோமதியும் பெஞ்சில் பக்கம் பக்கமாய். கல்யாணத்துக்குப் பிறகு இவ்வளவு நேரம் கையை நீட்டிக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான். டாக்டர் என் முன்கையில் மையால் ஒன்று முதல் பன்னிரண்டு வரை எழுதினார். சொட்டு வைத்தார், கீறினார். கோமதிக்கும் அப்படியே. எந்த நம்பர் என்ன சாமான் என்ற காகிதம் அவர் சட்டைப்பையில். குற்றாலலிங்கம் கடிகாரத்தோடு நின்றான்.

"இருவது நிமிஷம். யாரும் சொறியக்கூடாது" என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார்.

கோமதி தன் கையை முந்தானையால் மூடிக்கொண்டாள். "பாத்தா நமைக்குது" என்றாள்.

நான் காலை ஆட்டிக்கொண்டு சுவரைப் பார்த்தேன். மனம் நிம்மதி. ஐந்து நிமிஷம் ஆயிற்று. முன்கையில் ஓரிடம் சுறுக் என்றது. பார்த்தேன்.

ஏழாம் நம்பர்.

முதலில் உளுந்து அளவு. அப்புறம் மொச்சை அளவு. பத்து நிமிஷத்தில் எட்டணா அகலத்துக்குச் சுற்றிலும் சிவந்து, நடுவில் வெளுத்து, எழும்பி நின்றது. மற்ற பதினொன்றும் சமர்த்தாய்ப் படுத்திருந்தன. குற்றாலலிங்கத்தைப் பார்த்தேன். அவன் கடிகாரத்தைப் பார்த்தான். பயல் பழிவாங்கிவிட்டான் என்று நினைத்தேன். அவன் வாங்கினால் தப்பும் இல்லை என்றும் நினைத்தேன்.

"என்னங்க, ஏழு என்னமோ வீங்குதே?" என்றாள் கோமதி.

"ஒண்ணுமில்லட்டி."

"ஏழு என்ன சாமானா இருக்கும்?"

"எனக்கென்ன தெரியும்?"

"டாக்டர் வந்து சொல்லிருவாரு." உள்ளறைப் பக்கம் பார்த்தாள். "அவரு வெளிய சொல்லுததுக்கு முன்னால வீட்டுல சொல்லுதது நல்லதுல்லா?"

உள்ளே நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எனக்கு உடைந்துவிட்டது.

"கோமதி, இறாலுட்டி! ஏழாம் நம்பர் இறாலு!"

"என்னது?"

"பன்னெண்டு வருசமாத் தின்னுதேன். சனிக்கிழம சனிக்கிழம. சபை வேலை இல்ல, ஒரு மண்ணும் இல்ல. மஜீது பாய் கட பின்கட்டுல உக்காந்து... பூதலிங்கம் செத்ததுக்கு மறுநாளும் தின்னேன். முட்ட தின்னான்னு அவன விலக்கிக் கடுதாசி எழுதுன கையி இது. பாரு, வீங்கிக் கெடக்கு. என்னைய மன்னிச்சிரு. தம்பி, நீயும் மன்னிச்சிருடே."

அழுதேன். நடிக்கவில்லை. நாலு வருஷமாய் வராத அழுகை அது. குற்றாலலிங்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். கோமதி அவிழ்ந்து கிடந்த என் துண்டை எடுத்துத் தோளில் போட்டாள்.

டாக்டர் வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் கையைப் பார்த்தார்.

"ஏழு நல்லாத் தடிச்சிருக்கு. சரியாத்தான் வேல செய்யுது."

"இறாலுதான டாக்டர்?" என்றேன்.

"இறாலா? ஏழு ஹிஸ்டமின். அது எவன் கையில வச்சாலும் தடிக்கும். சோதன ஒழுங்கா நடக்கான்னு பாக்கதுக்கு ஒண்ணு வைக்கதுதான். அம்மா, உங்க கையக் காட்டுங்க."

கோமதி முந்தானையை விலக்கினாள். ஏழாம் நம்பரில் எட்டணா அகலத்துக்கு ஒரு தடிப்பு. என்னுடையதுக்குச் சோடி.

டாக்டர் காகிதத்தை விரித்தார். "இறாலு பதினொண்ணு. ரெண்டு பேருக்கும் ஒண்ணுமே இல்ல. உங்களுக்கு எந்தச் சாப்பாடும் அலர்ஜி இல்ல அண்ணாச்சி."

கேட்டீர்களா? தப்பிப் போயிருந்தேன். வாயைத் திறக்காமல் இன்னும் ஐந்து நிமிஷம் உட்கார்ந்திருந்தால் சுத்த சைவனாக வீட்டுக்குப் போயிருப்பேன்.

"ஏலே குற்றாலலிங்கம், நீ ஏழுன்னு சொன்னியே!"

"நீங்க வந்து கேட்டா அப்படிச் சொல்லணும்னு அத்த முன்னமே சொல்லிருந்தாவ மாமா" என்றான். "சீசாவுல கை வைக்கல. ஆராய்ச்சியில பொய் எழுத மாட்டேன்."

கோமதி டாக்டரிடம் மட்டும் பேசினாள். "சாப்பாடு இல்லன்னா பின்ன எதுதான் இவிய உசிர எடுக்குது? இறால் தின்னுட்டு அருவியில போயி நிப்பாவ. வீட்டுல வெந்நீர்தான். வேற ஒண்ணும் புதுசு இல்ல."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அப்புறம் குற்றாலலிங்கத்தை சோடாக் கடைக்கு அனுப்பி ஒரு துண்டு ஐஸ் வாங்கிவரச் சொன்னார். அதை என் இன்னொரு கையில் ஐந்து நிமிஷம் வைத்து எடுத்தார். வைத்த இடம் வைத்த அளவுக்குப் பலகாரம் மாதிரி எழும்பியது.

"குளிர்ச்சி!" என்றார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. "உங்க தோலுக்குக் குளிர்ந்த தண்ணி ஆகல. எந்த வயசுலயும் புதுசா வரும். இனிமே அருவிப் பக்கம் போகாதிய. மறுபடி நின்னா உயிர் போயிரும்."

தென்காசிக்காரனுக்கு அருவி ஆகாது. எங்கெங்கோ இருந்து ஜனங்கள் ரயிலேறி வந்து குளிக்கிற தண்ணீர், மூன்று மைலில் இருக்கிற எனக்கு விஷம். இறால்மீது இத்தனை நாள் வீண்பழி போட்டதற்கு வருத்தமாயிருந்தது.

வெளியே வந்ததும் கேட்டேன். "ஒனக்கு எப்ப தெரியும்?"

"பன்னெண்டு வருசமா ஒங்க வேட்டியத் தொவைக்கிறது யாரு?"

"பின்ன ஏன் கேக்கல?"

"பூதலிங்கம் அண்ணாச்சி செத்த அன்னைக்குக் கேக்கணும்னு வந்தேன். நீங்க சன்னல்ல நின்னிய. மொகத்தப் பாத்துட்டுத் திரும்பிட்டேன்." அவள் முந்தானையை இழுத்துச் செருகினாள். "இந்த மாசம் நெசமாவே பயந்துட்டேன். சொல்லாமலே செத்துப் போவியளோன்னு. நான் சொன்னா சண்ட. நீங்க சொன்னாத்தான் ஒரு வழி பொறக்கும்."

"இப்ப என்ன வழி?"

"மொதல்ல ஆவுடையக்கா வீடு."

ஆவுடையம்மாள் பூதலிங்கத்தின் மனைவி. நாலு வருஷம் கழித்து அந்த வாசல்படியில் கால் வைத்தேன். கோமதி வழியில் வீட்டிலிருந்து எடுத்துவந்த வெற்றிலைபாக்குத் தாம்பாளத்தை நீட்டினாள். சபைத் தீர்மானத்தை நானே எழுந்து நின்று ரத்து செய்யச் சொல்கிறேன், மறுத்தால் என் கதையையும் சேர்த்துச் சபையில் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறேன், உலகம்மாளை உங்கள் பையனுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். பெரிய மனுஷத்தனம் என்று எனக்கே பட்டது. அழுதுகொண்டு தாம்பாளத்தை வாங்குவாள் என்று எதிர்பார்த்தேன்.

ஆவுடையம்மாள் அழவில்லை.

"எங்க வீட்டு ஆளு மருந்துக்குத் தின்னாவ. ஒவ்வொரு முட்டைக்கும் வாந்தி எடுத்தாவ. நீங்க ருசிக்குத் தின்னிய. அவியளத் தூக்க நம்ம தெருவுல ஒரு ஆளு வரல. இப்ப நான் எப்படி இறால் தின்னுத வீட்டுல பொண்ணு எடுக்க?"

அவள் சொன்னதில் எந்த இடத்திலும் பிடி இல்லை.

"விட்டுருதேன்" என்றேன் கடைசியில். "இனிமே தொடமாட்டேன்."

"வாயால சொன்னா காணாது. நீங்க எங்களுக்கு எழுத்துல தந்திய. எனக்கும் எழுத்துல வேணும்."

நியாயம்தான். முத்திரைத்தாள் வாங்கி நாளைக்கு எழுதி வருகிறேன் என்றேன். ஒரு நாள் கிடைத்தால் அதற்குள் கடைசியாக ஒரு முறை மஜீது பாயைப் பார்த்துவிடலாம் என்று ஒரு கணக்கு.

"எதுக்கு நாளைக்கு?" என்று கோமதி இடுப்பிலிருந்து மடித்த முத்திரைத்தாள் ஒன்றை எடுத்து வைத்தாள்.

எழுதினேன். இறால், நண்டு, மீன், முட்டை எதையும் ஆயுசுக்கும் தொடுவதில்லை, அருவியிலும் நிற்பதில்லை. ஆவுடையம்மாள் எழுத்துக்கூட்டி வாசித்துப் பார்த்துத் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டாள். கோமதி சாட்சிக் கையெழுத்துப் போட்டாள்.

மை காயட்டும் என்று, தொழில் பழக்கத்தில் தாளைத் திருப்பி முத்திரைத்தாள் விற்றவன் எழுதியிருந்ததைப் பார்த்தேன். வாங்கினவர் கோமதியம்மாள், வாங்கின தேதி, நான் அருவியில் விழுந்து மூஞ்சி வீங்கிக் கிடக்க, என் உயிருக்காக வேண்டிக்கொள்ளக் கோயிலுக்குப் போய்வருகிறேன் என்று அவள் அழுதுகொண்டே கிளம்பிய நாள்.